ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருவர் எழுதியிருந்தார்: "இப்ப வர்ற ஹார்ட் டிஸ்க்லாம் குப்பைலா. அந்தக் காலத்து டிஸ்க் சாவவே சாவாது. சந்தேகமா இருந்தா தேவி அக்காவ கேளுங்க." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். தேவி அக்கா நான்தான், அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்தக் காலத்து டிஸ்க் சாகாதாம். செத்ததையெல்லாம் பை நிறைய அள்ளிக்கொண்டு போனது யார்? நான்தானே. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். புதைத்ததை யாரும் எண்ணுவதில்லை. குழுவில் நாலு வரியில் சொன்னால் இவர்களுக்கு உறைக்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலாக்கா மாநிலத்தில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு மலாக்கா டவுன் பக்கம் இருந்த ஒரு டிஸ்க் ஃபெக்டரியில் சேர்ந்தேன். ஃபெக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திக்கே வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரியும். தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, பூ கூடாது. தோட்டத்துப் பெண்களான எங்களுக்குத் திருநீறு இல்லாமல் வேலைக்குப் போவது அரைகுறையாக உடுத்திக்கொண்டு போவது மாதிரி. வாசலில் நிற்கும் மலாய்க்காரச் சூப்பர்வைசர் ஈரத்துணியை நீட்டுவார், நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே நெற்றியைத் துடைப்போம். ஒரு துகள் உள்ளே விழுந்தால் ஒரு டிஸ்க் காலி. உள்ளே கண்ணாடி மாதிரித் தட்டு சுழலும், அதன்மேல் படாமல், தலைமுடி கூட நுழையாத இடைவெளியில் ஒரு முள் பறந்துகொண்டே படிக்கும். இதையெல்லாம் அங்கேதான் கற்றேன். ஃபெக்டரி இடம் மாறிப் போனபோது எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் தவராஜா சாரிடம் வந்தேன். மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத் தமிழர். கிளினிக், வக்கீல் ஆபீஸ், எண்ணெய்ப் பனை ஆலை என்று அலோர் காஜாவிலிருந்து தம்பின் ஊர் எல்லை வரை நாங்கள் போவோம். சார் எப்போதும் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு மார்க்கர் பேனா. அவர் மாட்டுகிற ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் வெள்ளை டேப் ஒட்டி, மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் எழுதுவார். அதற்குப் பெயர் 'பிறந்த நாள்'. வாடிக்கையாளர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் சிரிக்கவே மாட்டார்.

யாராவது "மெஷின் படுத்துடுச்சு" என்று போன் செய்தால், என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். "கடைசியா எப்ப நிப்பாட்டினனீங்கள்?" என்றுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, "என்ன சத்தம்?" பெட்டியில் கை வைக்கும் முன் காதை வைக்க வேண்டும். டிக், டிக் என்றால் முள் செத்துவிட்டது. கிர்ர் என்று இழுத்து அடங்கினால் அச்சு இறுகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லையென்றால் பெரும்பாலும் வெளியே ஒட்டியிருக்கும் சர்க்யூட் பலகைதான். நாங்கள் அவசரப்பட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தால், "பிள்ளை, அதைத் தொடாதேங்கோ" என்று மெல்லச் சொல்வார். அப்படி மெல்லச் சொல்வதுதான் எரிச்சல். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டேப்பில் எழுதிய நாளிலிருந்து நாலைந்து வருடம் தாண்டிவிட்டால், நன்றாக ஓடுகிற டிஸ்க்கையும் கழற்றச் சொல்வார். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். "நல்லாத்தானே ஓடுது சார்?" "நல்லா ஓடுற நேரத்திலைதான் மாத்த வேணும். பிறகு என்னத்தை மாத்திறது?" இந்தப் பதிலால் நாங்கள் இழந்த வாடிக்கையாளர்கள் கொஞ்சநஞ்சம் பேரல்ல.

ஆனால் அவர் சொன்னது சரி. டிஸ்க் சாவது மூன்று கட்டமாக நடக்கும். புதிதாக வந்த சில மாதத்தில் சில சாகும், பிறவியிலேயே கோளாறு உள்ளவை. அதைத் தாண்டினால் சில வருடம் கவலை இல்லை, இருக்கிறதே மறந்துபோகும். அப்புறம் வயது காட்டும். தட்டு சுழலும் அச்சில் ஒரு துளி எண்ணெய்தான் இருக்கிறது, இராப்பகலாக அந்தத் துளிதான் தாங்குகிறது. அது வற்றும், கெட்டியாகும். சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்பினால் தெரியும். கிழட்டு டிஸ்க் ஓட்டத்தில் சாவதைவிடக் கிளம்பும்போது சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதை விளங்கிக்கொண்டால் புலாவ் செபாங்கில் நடந்தது விளங்கும்.

அங்கே ரயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருக்கிறார். எக்ஸ்ரே வசதி உள்ள கிளினிக். ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாப் படத்தையும் ஒரு பெட்டியில் சேமித்தார்கள். பெட்டியில் இரண்டு டிஸ்க், இரண்டிலும் அதே படங்கள். ஒன்று செத்தால் மற்றது தாங்கும் என்ற ஏற்பாடு. நாங்கள்தான் மாட்டிக்கொடுத்தோம். சில வருடம் கழித்துச் சார் வழக்கம்போல மாற்றச் சொன்னார், அவர்கள் வழக்கம்போல "நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். சர்வீஸ் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அதோடு எங்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் தொடர்பு விட்டுப்போனது.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை, கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் கலா போன் செய்தாள். பக்கத்து ரெம்பியா ஊர்ப் பெண், வேலையில் கெட்டிக்காரி. குரலே சரியில்லை.

"அக்கா, எக்ஸ்ரே பெட்டி ஓப்பன் ஆகல. பூஜை முடிஞ்சு அன்னைலேருந்து இப்பிடித்தான். தட்டித் தட்டிப் பாத்துட்டேன்."

"தட்டாத. கடைசியா எப்ப நிறுத்துன?"

"ஆயுத பூஜைக்குத்தான். வருஷம் பூரா ஓடுது, பாவமா இருந்துச்சு. இந்த வருஷம் கிளினிக் மூடியிருந்துச்சா, மத்த மெஷின்லாம் ஆஃப் பண்ணி பொட்டு வெச்சோம், இதுக்கும் ஒரு நா ரெஸ்ட் குடுத்தேன்லா. வேற ஒன்னும் செய்யலக்கா."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டிலும் அன்றைக்குக் கார், கத்தி, கிரைண்டர் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சும்மா இருந்தன. ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். இந்த ஆயுதத்துக்கு மட்டும் ஓய்வு கொடுத்திருக்கக் கூடாது.

"அவசரமா வாங்கக்கா, ஜமால் பாயோட படம் வேணும்" என்றாள்.

ஜமால் பாய் அதே தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். தீபாவளிக்கு எங்கள் தோட்டத்துச் சனம் பாதி அவரிடம்தான் துணி எடுக்கும். சில வருடங்களுக்கு முன் இருமல் என்று இந்தக் கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் நுரையீரலில் ஒரு சின்ன உருண்டை தெரிகிறதாம். அங்கேயிருந்த ஸ்பெஷலிஸ்ட் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய படம் இருக்கிறதா? அப்போதே இந்த உருண்டை இதே அளவில் இருந்திருந்தால் பழைய தழும்பு, விட்டுவிடலாம். அப்போது இல்லையென்றால் புதிதாக வளர்வது, நெஞ்சைத் திறந்து எடுத்துவிட வேண்டும். பழைய படம் கிடைக்காவிட்டால் சில மாதம் காத்திருந்து மறுபடி பார்க்கலாம் என்று பாய் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் முடிவு சொல்ல வேண்டும்.

சாருக்கு அந்த வாரம் கண் ஆபரேஷன், வீட்டில் இருந்தார். நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு இருந்தது. இரண்டு டிஸ்க்கின் முகப்பிலும் சந்தனம், நடுவில் குங்குமம். புதுப் பொட்டுக்கு அடியில் போன வருடத்துப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? தானாக உதிர வேண்டும். நான் நகத்தால் சுரண்டினேன். முதல் டிஸ்க்கில் அந்தப் பழைய பொட்டுக்கு அடியில்தான் எச்சரிக்கை விளக்கு இருந்தது. அந்தப் பெட்டிக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடத் தெரியாது, கடுகளவு விளக்கு ஒன்றுதான். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு மஞ்சளாக எரிந்தது, உள்ளே டிக், டிக். முள் செத்து, தட்டைச் சுரண்டி எவ்வளவு காலம் ஆனதோ. பொட்டுக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, பாவம். அதில் ஒன்றும் தேறாது.

இரண்டாவது டிஸ்க்கில் காதை வைத்தேன். கிர்ர் என்று இழுத்து அடங்கியது. இவ்வளவு காலமும் தனியாகத் தாங்கியது இதுதான். ஒரு நாள் ஆறியதும் அச்சு இறுகிவிட்டது.

கலா அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "ஐஸ்பெட்டில வெச்சா சரியாகும்னு இன்டர்நெட்ல போட்டிருக்கே தேவி?"

"நம்ம ஊரு காத்துல ஐஸ்பெட்டிலேருந்து எடுத்தா கிளாஸ் வேர்க்குதில்ல டாக்டர், அதே மாதிரி இதுக்கு உள்ளயும் தண்ணி கோர்க்கும். அப்புறம் சாமியே வந்தாலும் முடியாது" என்றேன்.

சிங்கப்பூரில் இதற்கென்றே லேப் இருக்கிறது. போய் வர வாரக்கணக்காகும். திங்கட்கிழமைக்கு நடக்காது. இறுகிய எண்ணெய் இளக வேண்டும், அதற்குச் சூடுதான் வேண்டும். ஹேர் டிரையரை வைத்தால் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் ஆறும். ஒரே சீராக, மெதுவாக ஏறும் சூடு வேண்டும். வாசலில் பார்த்தேன். உச்சி வெயிலில் என் கார் நின்றுகொண்டிருந்தது.

டிஸ்க்கைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிப் பின்சீட்டில் வைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். கிளினிக் ஜன்னல் வழியே நீள வயரை இழுத்து மின்சாரம் கொண்டுவந்தேன். சாருக்குப் போன் போட்டு என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். போனிலேயே வழி சொன்னார்.

"கொதிக்க விடாதேங்கோ. கை வைக்கப் பொறுக்கக்கூடிய சூடு போதும். வயரைப் போடுற அதே நேரம் மணிக்கட்டைத் திருப்ப வேணும், தட்டு சுழலுற பக்கமாக. படுக்கையாப் பிடிச்சுக்கொண்டு. ஆட்டாதேங்கோ, திருப்புங்கோ."

அதற்குள் தொழுகை முடிந்து ஜமால் பாய் வந்துவிட்டார். நான் காருக்குள் கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓடி வந்தார். "தங்கச்சி, என்னா செய்றீங்க, வெந்துருவீங்க, வெளிய வாங்க!" கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்று கையால் சைகை காட்டினேன். கலா வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாருக்கு நிழல் என்று அவளுக்கே தெரியாது. எனக்குப் புடவை வேர்த்து முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணில் வேர்வை இறங்கியது. எழுந்து போக மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சூடேறிய டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து, மடியிலிருந்த லேப்டாப்போடு இணைத்து, வயரைப் போட்டு முதல் தடவை திருப்பினேன், கிர்ர். இரண்டாவது தடவை, கிர்ர். கையில் பயம் இருந்தால் திருப்பு சரியாக வராது. பிள்ளையாரே என்று மூன்றாவது தடவை திருப்பினேன். கிர்ர் என்று இழுத்த சத்தம் மெல்ல மெல்ல ஏறி, வ்வூம் என்று ஒரே சீராக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் பிள்ளை அழும் சத்தம் போலத்தான் கேட்டேன், வேறு எப்படிச் சொல்வது.

"ஸ்பீக்கர்ல போட்டு டிஸ்க்குக்குக் கிட்ட வையுங்கோ" என்றார் போனை வைக்காமலே இருந்த சார். வைத்தேன். கேட்டார். "கரகரப்பு இருக்கு. கனநேரம் தாங்காது. இனி நிப்பாட்டக் கூடாது. முழு டிஸ்க்கையும் தலையிலிருந்து வரிசையாக் கொப்பி எடுங்கோ. ஃபோல்டர் ஒண்டும் திறக்காதேங்கோ, முள் அங்கையும் இங்கையும் ஓடினால் செத்துப்போகும்."

வரிசையாக நகல் எடுப்பது, தொழில்முறை அதுதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வரிசையாக எடுத்தால் பாயின் படம் எங்கே வரும், எப்போது வரும், அதுவரை டிஸ்க் இருக்குமா?

"சார், பாய் படத்த முதல்ல எடுக்கணும். எந்த ஃபோல்டர்னு டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல இருக்கு. நேரா அங்க போறேன்."

"அதுக்குள்ள நிண்டுபோனால்? அதில எத்தனை பேரின்ட படம் இருக்கு, பிள்ளை?"

"எல்லாரும் திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகல சார்."

"சரி," என்றார், "ஒண்டு. ஒண்டே ஒண்டு. அதுக்குப் பிறகு ஆசைப்படாதேங்கோ."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பார்த்துக் கலா சொன்ன ஃபோல்டருக்கு நேராகப் போனேன். படம் பாதி வந்து நின்றது. டிஸ்க் ஒருமுறை டிக் என்றது. நான் கை எடுக்கவில்லை. திரும்பப் படிக்க விட்டேன். அந்தப் பட்டை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வந்துவிட்டது. முழுதாக வந்துவிட்டது. அதை ஒரு தம்ப் டிரைவில் போட்டு, கண்ணாடியை விரலளவு இறக்கிக் கலாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, முழு டிஸ்க்கையும் வரிசையாக எடுக்கத் தொடங்கினேன். ஓட ஆரம்பித்த டிஸ்க் தன் சூட்டிலேயே இருந்துகொள்ளும் என்பதால் அப்போதுதான் கார்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே போனபோது டாக்டரம்மா பாய் கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் படத்தையும் பழைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். பாயும் அவர் மனைவியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததும் பாய் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்த உருண்டை பழைய படத்திலும் இருக்கும் என்றுதான் அவர் நம்பினார், நானும் அதை நம்பித்தான் காருக்குள் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "அப்ப இல்ல பாய்," என்றார். "சுத்தமா இருக்கு. இது புதுசுதான்."

பாய் திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இதுக்கா தங்கச்சி, கார்ல வெந்தீங்க?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்த டிஸ்க் சுழலாமலே போயிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாய்தான் முதலில் அசைந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மனைவியிடம், "தம்பிக்குப் போன் போடு. கடைய அவன் பாத்துக்கட்டும்" என்றார். டாக்டரம்மாவிடம், "திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே வரேன்னு சொல்லுங்க. கல்யாணத்துக்கு வாப்பா இருக்கணும்லா" என்றார். டாக்டரம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார்.

டிஸ்க் சாயங்காலம் வரை ஓடியது. பெரும் பகுதி வந்துவிட்டது, கடைசிப் பகுதி வருவதற்குள் நின்றுபோனது. அதன் பிறகு எவ்வளவு திருப்பியும் எழும்பவில்லை. பின்னால் ஓர் அம்மா மகனின் பழைய எலும்பு முறிவுப் படம் கேட்டு வந்தபோது, இல்லை என்று கலா சொல்ல வேண்டியதாயிற்று. வரிசையாக எடுத்திருந்தால் அது கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மறுபடி அதே வெயில், அதே டிஸ்க் என்றாலும் நான் பாய் படத்தைத்தான் முதலில் எடுப்பேன். சாரிடமும் இதையே சொன்னேன். அவர் கண் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "தெரியும்" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கிளினிக்கில் ஒரு புது வழக்கம் வைத்தோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து வேறிடத்தில் வைப்பது, வயசான டிஸ்க்கை மாற்றுவது. பூஜையன்று புது டிஸ்க்குக்குப் பொட்டு, விளக்கை விட்டுத் தள்ளி. பெட்டி ஓடிக்கொண்டேதான் பூஜை வாங்கிக்கொள்ளும். கலா இதற்குச் சாமியிடம் அனுமதி கேட்டுவிட்டதாகச் சொன்னாள்.

குழுவில் பேசும் தம்பி தங்கைகளே, பழையதும் சாகும், புதியதும் சாகும். இப்போது வருகிற சுழலாத டிஸ்க்கும் சாகும், அது டிக் என்றுகூடச் சொல்லாமல் சாகும். ஆகாயத்தில் சேமிக்கிறோம் என்கிறீர்களே, அந்த ஆகாயமும் எங்கேயோ ஒரு கட்டடத்தில் சுழன்றுகொண்டிருக்கிற டிஸ்க்தான். எது நல்ல டிஸ்க் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜமால் பாய்க்கு நுரையீரலில் ஒரு துண்டை எடுத்தார்கள். மகள் கல்யாணத்தில் எனக்கு முன்வரிசையில் இடம் போட்டு, பிரியாணியை அவரே பரிமாறினார். இப்போதும் வருடா வருடம் டாக்டரம்மாவிடம் நெஞ்சைப் படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னாலும் கேட்காமல், ஒவ்வொரு தடவையும் முதல் நாள் எனக்குத்தான் போன் செய்வார்.

"தங்கச்சி, நாளைக்குப் படம். டிஸ்க் நல்லா இருக்கா?"

இருக்கிறது என்று நான் இதுவரை போனில் சொன்னதில்லை. "பாத்துட்டுச் சொல்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுப்பேன்.